டூல் சுமக்கும் பழி

எஃகைக் கடையப் புகுந்த எவருக்கும், ஜாப்பின், அதாவது கடையப்படும் துண்டின், மேல் அலையலையாக வரி விழுந்தாலும், லேத் கீச்சிட்டு அலறினாலும், உலோகம் சீவப்படாமல் பிய்த்தெடுக்கப்பட்டதுபோல் சொரசொரத்து நின்றாலும், முதலில் சந்தேகம் எழுவது டூலின் மேல்தான். அதைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் சங்கடம் தீர்ந்தது என்று நம்ப மனம் விழைகிறது. பெருநகரத்தில் அந்த நம்பிக்கைக்குக் கடைத்தெரு துணை நிற்கும். ஆனால், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேயரில், வீட்டின் பின்கட்டில் சிறிய லேத் ஒன்றை வைத்துக்கொண்டு பொழுதுபோக்காக வேலை செய்யும் என் போன்றவனுக்கு, சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து, மூன்று நாள் கப்பலில் பிரயாணம் செய்து வரவேண்டிய சாமானை நம்பி டூலைத் தூக்கி எறிவது சாத்தியமில்லை. ஆகவே மாற்றுவதற்கு முன் விசாரிக்கும் வழக்கம் தானாகவே வந்து சேர்கிறது.

இத்துறையில் விசாரணைக்கு இலக்கணம் வகுத்தவர் அமெரிக்கரான பிரெடரிக் டெய்லர். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலைப் பதப்படுத்தும் முறையைக் கண்டவர்களுள் ஒருவரான அவர், 26 ஆண்டுகள் நடத்திய பரிசோதனைகளின் பயனை 1906-இல் வெளியிட்டபோது, உலோகத்தின் கடினம், ஜாப்பின் விட்டம், வெட்டின் ஆழம், டூலின் கோணங்கள், அதிர்வு என்று பன்னிரண்டு காரணங்கள் வெட்டும் செயலை நிர்ணயிப்பதாக வகுத்துக் காட்டினார். அத்தனை காலம் பிடித்ததற்குப் பிரதான காரணம், ஒன்றின் பலனை அறிய மற்றப் பதினொன்றையும் மாறாமல் நிறுத்திவைக்க வேண்டியிருந்ததே.

அந்த நியமத்தைக் கைக்கொள்ளும் எளியவன், செலவில்லாத இடத்தில் தொடங்குவது விவேகம். டூல் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் இலேசாக வைத்துத் தள்ளினால், கூர் இருந்தால் பற்றும், மழுங்கியிருந்தால் வழுக்கும். அடுத்தது உயரம். உருண்டைத் தண்டுக்கும் டூல் முனைக்கும் நடுவே ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை மெதுவாக நெருக்கிப் பிடித்தால், முனை மையத்தின் மட்டத்தில் இருக்கையில் ஸ்கேல் செங்குத்தாக நிற்கும். அதன் தலை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, தண்டின் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. உயர்ந்த டூல் வெட்டாமல் உராயும். தாழ்ந்த டூலின் மேல் ஜாப் ஏறப் பார்க்கும். மூன்றாவது, டூலைப் பிடித்திருக்கும் டூல் போஸ்டுக்கு வெளியே நீண்டு நிற்கும் அளவு. அதை இரண்டு மடங்காக்கினால் அதே பாரத்துக்கு வளைவு எட்டு மடங்காகும். எனவே வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு மேல் நீட்டுவது அதிர்வை வலிய அழைப்பதாகும்.

இம்மூன்றும் சரியாயிருந்தும் அதிர்வு ஓயவில்லையானால், சந்தேகம் யந்திரத்தின் பக்கம் திரும்பவேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையும் ஓயாத உப்புக்காற்றும் உள்ள இத்தீவில், லேத் படுகையின் உபயோகப்படாத கோடியில் துரு ஏறுகிறது. ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’கை ஒட்டிய பகுதியோ ஓயாத உழைப்பால் தேய்கிறது. துருவேறிய கோடியில் நிறுத்திவைத்து, டூலைத் தாங்கி நகரும் ஸ்லைடை முறுக்கிச் சரிபார்த்தவன், வேலை நடக்கும் இடத்தில் அது தளர்ந்து ஆடுவதை அறியமாட்டான். மின்சாரமும் விசாரணைக்கு உட்பட்டதே: மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு தாழ்ந்தால், சாதாரண இண்டக்ஷன் மோட்டாரின் முறுக்குவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், அப்போது நடு வெட்டில் திணறுவது மோட்டார், பழி ஏற்பது டூல்.

அதிர்வை, டர்னரின் இடர்ப்பாடுகள் அனைத்திலும் எளிதில் பிடிபடாததாகவே டெய்லரும் கருதினார். அதிர்வின் ஒலியைக் கேட்டதும் புதியவர்கள் பயந்து, ஒரு சுற்றுக்கு டூல் நகரும் அளவான ஃபீடைக் குறைக்கிறார்கள். மெலிந்த வெட்டில் முனை கடிக்காமல் துள்ளுவதால் தொல்லை பெருகுகிறதே ஒழியக் குறைவதில்லை. வேகத்தைத் தணித்து, அதனாலும் அடங்காவிடில் ஃபீடைச் சற்றே கூட்டுவதுதான் பெரும்பாலும் பலிக்கிறது. 25 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல் தண்டுக்கு, ஹைஸ்பீடு ஸ்டீல் டூலைக் கொண்டு, நிமிஷத்துக்கு 320 சுற்று என்பது தொடங்குவதற்கு நியாயமான வேகம். உலோகம் முனையில் அப்பிக்கொண்டு மேற்பரப்பைக் கிழிக்குமானால், முனையைத் தீட்டி, இங்கே தாராளமாகக் கிடைக்கும் தேங்காயெண்ணெயைத் தூரிகையால் தடவிப் பார்க்கலாம். மெதுவான இறுதி வெட்டுக்கு அது நன்றாகவே உதவுகிறது.

கடைசியாக எஃகின் குலத்தை விசாரிக்கவேண்டும். என் மேஜைக்கு வருவன பெரும்பாலும் படகின் பழைய ஷாஃப்ட், லாரியின் ஆக்ஸில் போன்ற பூர்வோத்தரம் தெரியாத துண்டுகள். சாணைக்கல்லில் தொட்டால் மைல்டு ஸ்டீல் நீண்ட பொறிகளைச் சிந்தும். கார்பன் மிகுந்தது பூப்பூவாய் வெடித்துச் சிதறும். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் வகை குறுகிய, செந்நிறமான பொறிகளைக் காட்டும். இந்தக் கடைசி வகையில் டூலை உராய விடலாகாது; உராய்ந்த இடம் இறுகி, அடுத்த வெட்டை ஏற்க மறுக்கும்.

கூரைத் தீட்டி, உயரத்தைத் திருத்தி, வேகத்தையும் தணித்து, மூன்றையும் ஒரே மூச்சில் செய்பவனுக்கும் ஜாப் நன்றாக அமைந்துவிடலாம். ஆனால் குணப்படுத்தியது எது என்று அவன் அறியான், அடுத்த முறை பலிக்காவிடில் எங்கே தொடங்குவது என்றும் அறியான். பீனிக்ஸ் பேயிலுள்ள மரைன் டாக்யார்டில் பழுதுபார்க்க வந்த கப்பல் காத்து நிற்கையில், ஒன்றை மாற்றிப் பலனைப் பார்த்துப் பிறகு மற்றொன்றை மாற்றும் நிதானம் அங்குள்ள டர்னருக்கு வாய்ப்பதில்லை; நெடுங்காலக் கைப்பழக்கமே அவருக்கு அந்தக் குறையை ஈடுசெய்கிறது. பொழுதுபோக்காகக் கடைபவனிடம் அந்தக் கைப்பழக்கம் இல்லை. அவனிடம் தாராளமாக இருப்பது அவகாசம் ஒன்றுதான். அதை மிச்சம் பிடித்துப் பணத்தைச் செலவிட்டு டூலாக வாங்கி அடுக்குவது, உள்ள மூலதனத்தைப் பூட்டிவைத்துவிட்டுக் கடன் வாங்கி வாணிகம் செய்வதேயாகும்.