ரிவெட் எண்ணுகிறவர்கள்

ஆங்கிலத்தில் "ரிவெட் கவுன்ட்டர்" என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. யாருக்கும் தேவைப்படாத நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஆளை அப்படிச் சொல்வார்கள். பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுகிறவர்கள் மத்தியில் மட்டும் அது முழுக்கக் கேலி இல்லை. அங்கே நிஜமாகவே ரிவெட்டை எண்ணுகிற ஆட்கள் இருக்கிறார்கள். எண்ணுவதோடு விட்டாலும் பரவாயில்லை. கிட்டில் இல்லாத ரிவெட்டையெல்லாம் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி உண்டாக்குகிறார்கள். அரை ஜாண் நீள இறக்கை ஒன்றுக்கு வாரக்கணக்கில் செலவாகும். (இதைப் பொம்மை என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். சண்டைக்கு வருவார்கள் :-))

இந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நிஜ விமானத்தின் மேல்தோல் ஒரே தகடு கிடையாது. பல அலுமினியத் தகடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டோடு ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். தகடும் தகடும் சேரும் இடம்தான் மாடல்காரர்கள் சொல்லும் பேனல் கோடு. தகட்டைப் பிடித்து வைத்திருப்பது ரிவெட். மாடல் விமானம் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றி எடுப்பது. அதில் தகடும் கிடையாது, ஆணியும் கிடையாது. இருப்பதுபோல் காட்டினால்தான் உண்டு.

எப்படிக் காட்டுவது என்பதில்தான் பணக் கணக்கு வருகிறது. பி.காம். மக்கள் இதைக் கவனிக்கவும். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953-ல் தன்னுடைய முதல் விமான கிட்டான ஸ்பிட்ஃபயரை வெளியிட்டது. 1/72 அளவு, விலை இரண்டு ஷில்லிங். ஒரு கிட்டின் விலை அற்பம், ஆனால் எஃகில் வெட்டும் அச்சுக்குச் செலவு அதிகம். அச்சில் எது பள்ளமோ அது பிளாஸ்டிக்கில் மேடாக வரும். எஃகில் ஒரு கோட்டைக் கீறினால் போதும், கிட்டில் எழும்பிய கோடு கிடைத்துவிடும். ஒரு புள்ளி குத்தினால் ஒரு ரிவெட் தலை. பிளாஸ்டிக்கில் பள்ளமான கோடு வேண்டுமென்றாலோ, எஃகில் அந்தக் கோடு மட்டும் மேடாக நிற்க, சுற்றியிருப்பதையெல்லாம் குறைத்தாக வேண்டும். வேலை பல மடங்கு. அதனால்தான் பழைய கிட்களில் கோடுகள் எழும்பி நிற்கின்றன. அந்தக் காலத்து ஆட்களுக்கு விமானத்தைப் பற்றித் தெரியாது என்பது காரணம் அல்ல. எழும்பிய கோடு மலிவு, அவ்வளவுதான்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளி இறைத்தும் விட்டார்கள். 1960-களில் வந்த சில கிட்களைப் பார்த்தால் அம்மை போட்டதுபோல் இருக்கும். ஏர்ஃபிக்ஸின் ஸ்டெர்லிங் குண்டுவீச்சு விமானம் இதற்காகவே பேர் வாங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1/72 அளவில் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளி, நிஜ அளவில் 36 மில்லிமீட்டர். விமானம் முழுக்க எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி ஒட்டியதற்குச் சமம்.

பள்ளக் கோட்டுக்கு மாறினவர்களும் கணக்கில் தப்பவில்லை. 1970-களில் மேட்ச்பாக்ஸ் கிட்களில் கோடுகள் வாய்க்கால்போல் ஓடின. கட்டுகிறவர்கள் அதை அகழி என்றே கிண்டல் செய்தார்கள். பிறகு ஜப்பானிய நிறுவனங்களான ஹசேகாவாவும் டாமியாவும் மெல்லிய பள்ளக் கோட்டை வழக்கமாக்கின. அந்த மெல்லிய கோட்டையும் அளந்து பார்த்தால் சிரிப்பு வரும். 0.3 மில்லிமீட்டர் கோடு 1/72-ல் 21.6 மில்லிமீட்டர் இடைவெளி. நிஜ விமானத்தில் அப்படி ஒரு சந்து இருந்தால் கட்டைவிரலை உள்ளே விடலாம்! உண்மையான இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மாடலில் அது 0.03 மில்லிமீட்டர்கூட வராது. கண்ணுக்குத் தெரியாது. மேலே ஒரு கோட் பெயின்ட் அடித்தால் இருந்த இடமே தெரியாமல் போய்விடும்.

அப்படியானால் சரியான அளவில் செய்த மாடல் வழவழவென்று சோப்புக் கட்டிபோல்தான் இருக்கும். சிலர் இதையே சொல்லி ரிவெட் குத்துகிறவர்களை மடக்கப் பார்ப்பார்கள். வாதம் சரிதான், ஆனால் பாதிதான் சரி. நிஜ விமானத்தை இருபதடி தூரத்தில் நின்று பார்க்கிறவர் இடைவெளியைப் பார்ப்பதில்லை. இடைவெளியில் சேர்ந்த எண்ணெய், புகை, மழைநீர் இழுத்துவிட்ட அழுக்கு, ரிவெட் வரிசைக்கு இருபுறமும் தகடு லேசாக அமுங்கியதால் வெளிச்சம் வளைவது, இதையெல்லாம்தான் பார்க்கிறார். மாடலில் ரிவெட் குத்துவது அந்தப் பார்வையை வரவழைக்கும் தந்திரம். கோயில் கோபுரத்தின் மேல்நிலைச் சிற்பத்தைக் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியும்படி கொஞ்சம் மிகைப்படுத்தித்தானே செய்ய வேண்டியிருக்கிறது? அதுபோல அளவில் பொய் சொல்லாமல் இந்த வேலை நடக்காது. எங்கே ரிவெட் இருக்கிறது, எந்த மாதிரி ரிவெட் என்பதில் பொய் சொன்னால்தான் தப்பு. நிறைய பேர் கோட்டை விடுவது இந்த இரண்டாவது விஷயத்தில்.

இதற்கு ஸ்பிட்ஃபயரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதன் முதல் மாதிரி விமானம் கே5054 பறந்தது 1936 மார்ச் 5-ல். அதில் ரிவெட் தலைகள் தகட்டோடு தகடாக மட்டமாக அமுங்கியிருந்தன. காற்றுக்குத் தடை குறைவு, ஆனால் அடிக்க நேரம் பிடிக்கும், செலவும் கூடும். உருண்டைத் தலை ரிவெட் என்றால் வேலை சுலபம். அதைப் போட்டால் வேகம் எவ்வளவு குறையும் என்று கண்டுபிடிக்க, மட்டமான ரிவெட் ஒவ்வொன்றின் மேலும் உடைத்த பட்டாணிப் பருப்பைப் பசை போட்டு ஒட்டிப் பறக்கவிட்டார்கள். ஆமாம், சமையலறைப் பட்டாணிதான்! வேகம் மணிக்கு 22 மைல் குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பருப்பை எடுத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பறந்து பார்த்ததில், இறக்கையில் மட்ட ரிவெட் கட்டாயம், உடற்பகுதியில் சில இடங்களில் உருண்டைத் தலை இருந்தாலும் பாதகமில்லை என்று தெரிந்தது. தயாரிப்புக்குப் போன விமானங்கள் அப்படியே வந்தன. 1943 வாக்கில்தான் உடற்பகுதிக்கும் மட்ட ரிவெட் வந்தது.

இப்போது மாடல் மேசைக்கு வாருங்கள். 1940-ல் பிரிட்டன் வானில் சண்டை போட்ட ஸ்பிட்ஃபயரைக் கட்டுகிறவர், இறக்கையில் மட்ட ரிவெட்டையும் உடலில் உருண்டை ரிவெட்டையும் காட்ட வேண்டும். இறக்கைக்கு ஊசிப் புள்ளி சரி. உடலுக்கு அது சரிப்படாது, அங்கே மேடு வேண்டும். அம்மை போட்டது என்று கேலி செய்யப்பட்ட பழைய கிட்களின் எழும்பிய ரிவெட், உடற்பகுதியைப் பொறுத்தவரை யோசனையளவில் சரியாக இருந்திருக்கிறது. அதையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு உடல் முழுக்கக் குழி குத்துகிறவர், ஒரு மாதம் உழைத்து ஒரு உண்மையை அழித்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, எப்படிக் குத்துகிறார்கள்? முதலில் படம். நல்ல வரைபடம் இல்லாவிட்டால் அசல் புகைப்படங்களை வைத்துக்கொண்டு பென்சிலால் இறக்கை மேல் கோடு போட வேண்டும். அப்புறம் டைமோ டேப் என்கிற கெட்டியான லேபிள் டேப்பை ஒட்டி அதை அடிமட்டமாக வைத்துக்கொள்வார்கள். சாதாரண மாஸ்க்கிங் டேப் ஊசிக்கு நகர்ந்துவிடும், இது நகராது. பேனல் கோட்டுக்கு ஊசியோ, பிளாஸ்டிக் வெட்டும் கொக்கி பிளேடோ. அழுத்தவே கூடாது. தூசி தட்டுகிற மாதிரி லேசாக ஐந்தாறு முறை இழுக்க வேண்டும். முதல் இழுப்பிலேயே ஆழமாகப் போக ஆசைப்பட்டால் பிளேடு தடம் மாறி இறக்கையின் குறுக்கே ஓடிவிடும். ரிவெட்டுக்குப் பல்சக்கரம். தையல்காரர்கள் துணியில் அளவு குறிக்க உருட்டுவார்களே, அதன் குட்டிப் பதிப்பு. பல்லுக்குப் பல் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நிஜத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு ரிவெட் என்றால் 1/48 அளவில் சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 19. பத்து சென்டிமீட்டர் வரிசை ஒன்றில் 190 புள்ளி. ஒரு இறக்கையின் மேல்பக்கத்தில் மட்டும் இப்படி எத்தனை வரிசை என்று எண்ண ஆரம்பித்தால் தலை சுற்றும்.

சறுக்கிய கோட்டை அடைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பட்டி வைத்து அடைத்தால், பக்கத்தில் திரும்பக் கோடு கீறும்போது பட்டி பொடிப்பொடியாக உதிரும். அதனால் சூப்பர் குளூ வைத்து அடைத்து, அது கல்லாக இறுகுவதற்குள் தேய்த்துவிடுவார்கள். மறுநாள் வரை விட்டால் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். அப்புறம் தேய்க்கத் தேய்க்கப் பிளாஸ்டிக்தான் பள்ளமாகும். இத்தனையும் செய்து முடித்து வெள்ளி நிறம் அடித்த பிறகுதான் தெரியும், எந்த இடத்தில் கை நடுங்கியது என்று. பச்சையும் பழுப்பும் எதையும் மன்னிக்கும், அலுமினிய நிறம் ஒன்றையும் மறைக்காது.

இந்த ரிவெட் எல்லாம் நமக்கு எதற்கு, இப்போது வரும் கிட்களிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். செக் நாட்டு எடுவார்ட் 2013-ல் வெளியிட்ட 1/48 ஸ்பிட்ஃபயரில் ரிவெட் வரிசைகள் அச்சிலேயே வந்துவிட்டன. ஆனால் உடற்பகுதி இரண்டு பாதியாகத்தான் வருகிறது. ஒட்டித் தேய்த்தால் முதுகிலும் அடிவயிற்றிலும் ஒட்டு ஓடும் இடத்தில் இருந்ததெல்லாம் அழிந்துபோகும். ஊசிக்கு ஓய்வு இல்லை.

நிஜத்தில் இதே வேலை எந்த வேகத்தில் நடந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபோர்டு நடத்திய வில்லோ ரன் தொழிற்சாலை, 1944-ல் உச்சத்தில் இருந்தபோது கிட்டத்தட்ட மணிக்கு ஒரு பி-24 குண்டுவீச்சு விமானத்தை வெளியே தள்ளியது. ஒவ்வொன்றிலும் 3 லட்சத்துக்கும் மேல் ரிவெட். அடித்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். ஒருவர் வெளியே நின்று கருவியால் அடிக்க, இன்னொருவர் உள்ளே இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடிக்க, இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு ரிவெட். காதைப் பிளக்கும் சத்தம். அவர்கள் அடித்த வரிசையும் அச்சடித்ததுபோல் நேராக இருக்காது, பழைய புகைப்படங்களைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். பல்சக்கரம் உருட்டிய மாடலில்தான் எல்லாம் மிலிட்டரி அணிவகுப்பு மாதிரி நிற்கும். கையால் ஒவ்வொன்றாகக் குத்திய மாடலில் தெரிகிற லேசான தடுமாற்றம்தான் அசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எதையும் குத்தாமல் விடவும் தெரிந்திருக்க வேண்டும். மாஸ்கிட்டோ விமானம் மரத்தால் ஆனது. பால்சா மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் பிளைவுட் ஒட்டியது. அதன் உடலில் வரிசை வரிசையாக ரிவெட் குத்துவது, தென்னை மரத்தில் வெல்டிங் தழும்பு வரைவதுபோல. ஹரிக்கேனின் பின்னுடல் துணி.

மஸ்டாங் இன்னும் மோசமான வழக்கு. தொழிற்சாலையிலேயே அதன் இறக்கையின் முன்பகுதியில், அகலத்தில் சுமார் 40 சதவீதம் வரை, ரிவெட்டையும் தகட்டு இடைவெளியையும் பட்டி போட்டு நிரப்பித் தேய்த்து மேலே வெள்ளி பெயின்ட் அடித்தார்கள். காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக. ஆகவே கிட்டில் அழகாக வந்திருக்கும் கோடுகளை இங்கே அடைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய நுணுக்கத்தைக் கையால் அழிக்க மனசு வராமல் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அடைத்தவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்று, மெக்கானிக்குகள் பூட்ஸ் காலோடு ஏறி இறங்கிய மஸ்டாங்கில், பெயின்ட் உரிந்து ரிவெட் வரிசை திரும்பத் தலைகாட்டியிருக்கிறது. அதற்கும் புகைப்படம் இருக்கிறது. அடைத்தவர் ஒரு படத்தைக் காட்டுவார், அடைக்காதவர் இன்னொரு படத்தைக் காட்டுவார். இரண்டும் மஸ்டாங்தான், ஒன்று தொழிற்சாலையிலிருந்து வந்த புதிது, இன்னொன்று அடிபட்ட பழையது. எதைக் கட்டப்போகிறோம் என்று டேப் ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்தவருக்கு அந்தச் சண்டையில் வேலை இல்லை.