பட்டி பூட்டுமா, திறக்குமா?

மடு ஆவணித் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகள், தங்கள் பிள்ளைகள் பாவித்த கார் இருக்கைகளை இங்குள்ளவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. நான் போய்வரும் ஒரு வீட்டில், அப்படி வந்த இருக்கையில் இரண்டு வயதுப் பிள்ளை அகப்பட்டுவிட்டது. பழரசம் ஊறிய பூட்டு திறக்கவில்லை. வெயிலில் வான் கொதித்தது. பட்டிகளை முழுதாகத் தளர்த்தித்தான் பிள்ளையை வெளியே எடுத்தோம்.

“செல்லடிக்குள்ளையும் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடினனான், பிள்ளை. இதை எறியுங்கோ, மடி காணும்” என்றார் அம்மம்மா.

அந்தக் கைகளின் பலம் எனக்குத் தெரியும். ஆனால் ஓடும் வாகனம் மோதி நிற்கும்போது பிள்ளையின் பாரம் பல மடங்காகிவிடும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. ஆகவே மடி போதாது; இருக்கை வேண்டும், பூட்டும் சரியாக இருக்கவேண்டும். 2014 இல் அமெரிக்காவில் கிராக்கோ நிறுவனம், உணவும் பானமும் ஊறித் திறக்கக் கடினமான பூட்டுகளுக்காக 60 இலட்சத்துக்கும் அதிகமான இருக்கைகளைத் திருத்த அறிவித்தல் விடுத்தது.

சகோதரிகளே, பாவித்த இருக்கை கிடைத்தால் அது விபத்தில் சிக்கியதா என்று முதலில் கேளுங்கள். காலாவதித் திகதியைப் பாருங்கள். பிள்ளையை இருத்த முன் பூட்டைப் பல தடவை பூட்டித் திறவுங்கள். இறுகினால் இளஞ்சூட்டு நீரால் கழுவுங்கள், எண்ணெய் விடவேண்டாம். அப்படியும் சரிவராவிட்டால் பாவிக்காதீர்கள். பட்டி முறுகாமல், தோளில் விரல்களால் கிள்ளிப் பிடிக்க முடியாதபடி இருக்கட்டும். விளக்கப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கமில்லை; பிள்ளை எங்களுடையது.