சௌகார்பேட்டையில் ஒரு சனிக்கிழமை

சென்னை சௌகார்பேட்டைக்கு வயிறு நிறையப் போகக் கூடாது. அண்ணி கேட்டால்தானே! தோசை சுட்டுப் போட்டுத்தான் கிளப்பினார்.

முதலில் கோடவுன் தெரு. மொத்தத் துணி வியாபாரம். "அஞ்சு மீட்டரெல்லாம் வெட்ட மாட்டோம்மா" என்று கறாராகச் சொன்ன கடைக்காரரிடமே, அரை மணி நேரத்தில் அண்ணி மூன்று பிளவுஸ் துணி வெட்டி வாங்கிவிட்டார். எப்படி என்று கேட்காதீர்கள், நான் விசிறி மாட்டியிருந்த பக்கமாக ஒதுங்கிவிட்டேன்.

அடுத்து தங்கசாலைத் தெரு. கும்பினிக்காரர்களின் நாணயச் சாலை இருந்ததால் வந்த பெயர். இப்போது அங்கே பொன்னிறத்தில் வெளிவருவது ஜிலேபிதான். காக்கடா ராம்பிரசாத் கடையில் ஆளுக்கொரு தட்டு.

ஆனால் அந்த வட்டாரத்தின் அசல் கண்டுபிடிப்பு முறுக்கு சாண்ட்விச். பிரெட்டுக்குப் பதில் இரண்டு முறுக்கு; நடுவே பச்சைச் சட்னி, வெள்ளரி, தக்காளி. மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பேட்டையில், வடக்கத்திச் சாட்டும் நம்மூர் முறுக்கும் சம்பந்தி ஆகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கொடுத்தவுடன் கடித்துவிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டு நின்றால் நமுத்துவிடும். சீஸ் துருவிப் போடுவது என் கட்சியில் கிடையாது.

கந்தகோட்டத்தில் முருகனை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இருட்டியதும் என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை. இட்லி, ஊத்தப்பம், அவ்வளவுதான். நெய்யும் பொடியும் தாராளம். "எண்ணெய்ப் பலகாரம் இனி ஒரு வாரத்துக்கு வேண்டாம்" என்ற அண்ணி, "நெய் எண்ணெய்ல சேராதுல்ல?" என்று இன்னொரு ஊத்தப்பம் சொன்னார்.