கரண்டு போய் வந்த பிறகு மணி என்ன?



வக்து நுழைந்த பிறகே தொழுகை கூடும் என்பது நம் பிள்ளைகள் மக்தபில் முதலில் பயிலும் பாடங்களுள் ஒன்று. நிழலை அளந்து வக்தை அறிந்த காலம் மறைந்து, இன்று நம்மில் பெரும்பாலோர் திரையைப் பார்த்தே அறிகிறோம். அந்தத் திரை தன் நேரத்தை எங்கிருந்து பெறுகிறது என்ற கேள்வி, சென்ற ரமளானில் எங்கள் மஹல்லாவில் எழுந்தது.

எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் காட்டும் திரை ஒன்று உண்டு. அதனை இயக்குவது ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினி. அதில் இருப்பது லினக்ஸ். ஓர் இரவு 2.50 மணியளவில் மின்சாரம் நின்று, 3.30க்குத் திரும்பியது. ஒலிபெருக்கிக்கும் விளக்குகளுக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு உண்டு, திரைக்கு இல்லை. மின்சாரம் வந்ததும் திரை தானாகவே உயிர்பெற்று, எந்தத் தயக்கமும் இன்றி நேரம் காட்டத் தொடங்கியது. அது காட்டிய நேரமோ 2.17!

மோதினார் எப்போதும் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தே ஸஹர் முடிவை அறிவிப்பவர். ஆகவே அன்று எவருடைய நோன்புக்கும் பங்கம் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். "தம்பி, இது தூங்கி எழுந்திருக்கிறது. எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று இதற்கே தெரியவில்லை" என்றார் அவர். பின்னர் நான் படித்த தொழில்நுட்ப விளக்கம் எதுவும் இதைவிடத் தெளிவாக இருக்கவில்லை.

மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் இரு கடிகாரங்கள் உள்ளன. ஒன்று, இயங்கும்போது லினக்ஸ் எண்ணிக்கொண்டிருக்கும் கடிகாரம். கணினியை அணைத்தால் அதுவும் போய்விடும். மற்றொன்று, தாய்ப்பலகையில் சிறு வில்லை மின்கலத்தின் துணையுடன் இராப்பகலாக ஓடும் வன்பொருள் கடிகாரம். கணினி மீண்டும் எழும்போது முன்னது பின்னதைப் பார்த்தே தன் மணியைத் திருத்திக்கொள்கிறது. அதன்பின் இணையம் கிடைத்தால் என்டிபி என்னும் நெறிமுறை வழியாக நேர வழங்கிகளைக் கேட்டு மேலும் துல்லியமாக்கிக்கொள்ளும். டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்த அந்த நெறிமுறை 1985இல் வெளிவந்தது. நம் நாட்டின் நேரத்தைப் பேணும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் இவ்வழியில் நேரம் வழங்குகிறது.

ராஸ்பெரி பையின் நான்காம் தலைமுறை வரை, விலையைக் குறைப்பதற்காக, அந்த இரண்டாவது கடிகாரத்தையே வைக்கவில்லை. அதற்கு ஈடாக ஃபேக் எச்டபிள்யூகிளாக் என்ற சிறு நிரல் ஒன்று, மணிக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தைக் கோப்பில் குறித்து வைக்கும். எழும்போது அந்தக் குறிப்பிலிருந்து தொடரும். பொய்க் கடிகாரம் என்று அதனை ஆக்கியோரே பெயர் சூட்டியிருப்பது அவர்களுடைய நேர்மை. அது கடைசியாகக் குறித்த நேரம் 2.17. அதன்பின் கழிந்த 73 நிமிடங்கள் அதன் கணக்கில் இல்லை. இணையம் இருந்திருந்தால் சில நொடிகளில் சரியாகியிருக்கும். இரவில் இணையப் பெட்டியை அணைத்து வைப்பது எங்கள் பள்ளியின் வழக்கம்.

மஃரிபில் கடிகாரம் பின்தங்கினால் நோன்பு திறப்பது தாமதமாகும்; பசி சற்று நீளும், அவ்வளவே. ஸஹரில் பின்தங்கினால் ஃபஜ்ரு வந்த பின்னும் உண்ணச் சொல்லும். 4.50க்கு நிறுத்த வேண்டியவருக்கு 3.37 என்று காட்டினால் அவர் நிம்மதியாக இன்னொரு கவளம் எடுப்பாரல்லவா?

டமாஸ்கஸ் உமைய்யா பள்ளிவாசலில் பதினான்காம் நூற்றாண்டில் முவக்கித்தாக, அதாவது தொழுகை நேரம் கணிப்பவராகப் பணியாற்றிய இப்னு ஷாத்திர், 1371ஆம் ஆண்டளவில் அதன் மினாராவுக்காகப் பெரியதொரு சூரியக் கடிகாரத்தைச் செதுக்கினார். மேகம் மறைத்தால் அக்கடிகாரம் மௌனம் காக்கும்; தவறான நேரத்தைச் சொல்லாது. நம் திரைகளுக்கு அந்தப் பண்பு இல்லை.

பரிகாரம் எளியதே. டிஎஸ் 3231 என்னும் கடிகாரச் சில்லு பொருத்திய சிறு பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெப்பநிலை மாற்றத்தைத் தானே ஈடுசெய்துகொள்வதால், இணையமே இல்லாவிடினும் ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவே பிசகும். வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவான பலகைகள் சிலவற்றில் மின்கலத்துக்கு மின்னேற்றும் சுற்றும் சேர்ந்தே வருகிறது. சிஆர் 2032 மின்கலமோ மின்னேற்றத் தகாதது. அப்பலகையை 5 வோல்ட் முனையில் இணைப்பது ஆபத்து, 3.3 வோல்ட் முனையே தகும்.

பலகையைச் செருகி, கணினியின் அமைப்புக் கோப்பில் அதன் பெயரை ஒரு வரியில் சேர்த்து, பொய்க் கடிகார நிரலை நீக்கினோம். பின்னர் இணையத்தை இணைத்து, நேரம் சரியானதை உறுதிசெய்தபின், எச்டபிள்யூகிளாக் கட்டளையால் அதனைப் புதிய கடிகாரத்தில் எழுதினோம். இந்த வரிசை முக்கியம். தவறான நேரத்தை எழுதினால் மின்கலம் அந்தத் தவறையே ஆண்டுக்கணக்கில் காத்துக்கொண்டிருக்கும். இறுதியாக, இணையத்தைத் துண்டித்து, மின்கம்பியையும் பிடுங்கி, அஸர் முதல் மஃரிப் வரை வைத்திருந்து மீண்டும் இயக்கினோம். மோதினாரின் கைக்கடிகாரமும் திரையும் ஒன்றாகவே இருந்தன.

வீட்டில் ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்போர் வேறொரு குழப்பத்தைக் கண்டிருக்கலாம். வன்பொருள் கடிகாரத்தில் லினக்ஸ் வழக்கமாக உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமென்றே படிக்கிறது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால், மாலை 4 மணி காலை 10.30 ஆகிவிடும். பிசகு சரியாக ஐந்தரை மணி நேரமென்றால் மின்கலத்தைச் சந்தேகிக்க வேண்டாம்; இரண்டையும் ஒரே வழக்கத்துக்குக் கொண்டுவந்தாலே போதும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் பிசகினால், அல்லது பல ஆண்டுகள் பின்னால் போய் நின்றால், அப்போது மின்கலத்தை மாற்றுங்கள்.

பள்ளித் திரையின் பின்புறத்தில், மின்கலம் போட்ட மாதத்தையும் ஆண்டையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு ஷஅபான் பிறையிலும் மின்சாரத்தை நிறுத்திச் சோதிக்கும் பொறுப்பை நிர்வாகத்தார் மோதினாரிடமே கொடுத்துள்ளனர். கைக்கடிகாரத்தை அவர் இன்னும் கழற்றவில்லை. கழற்றச் சொல்லும் எண்ணமும் எங்களுக்கு இல்லை.