கிரீஸ் அடிக்க இடமில்லாத மூட்டு

திருப்பனந்தாள் கடைத்தெருவைத் தாண்டி, அணைக்கரைக்குப் போகும் சாலையோரத்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. தகரக் கூரை, ஒரு பெரிய வைஸ், சுவரோரம் சாய்த்து வைத்த ரொட்டவேட்டர் கத்திகள். சம்பா அறுவடை முடிந்த மாசி மாதம். சாலை முழுக்க வைக்கோல் ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

பந்தநல்லூர் பக்கத்து இளம் விவசாயி ஒருவரின் சிறிய எஸ்.யு.வி. வந்திருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் இடது முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம். “ரொட்டவேட்டர் கிராஸுக்கு நாள் தவறாம கிரீஸ் அடிக்கிறேன். இதுக்கு எங்க அடிக்கணும்னு காட்டுங்கண்ணே, நானே அடிச்சுடுறேன்” என்றார். ஹப் நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிராமலே சொன்னார்: “இதுக்கு நிப்பிளே கிடையாது தம்பி.”

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு கூட்டல் குறி வடிவ மூட்டான கிராஸ் பழக்கமான பொருள். பொலேரோ மாதிரி பின்சக்கரம் தள்ளும் வண்டிகளின் புரொபெல்லர் ஷாஃப்ட்டிலும் அதுதான். நேராகச் சுழலும்வரை அதற்குக் குறையில்லை. 30 டிகிரி வளைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் மறுமுனையின் வேகம் இரண்டு முறை சுமார் 13 சதவீதம் குறைந்து, இரண்டு முறை 15 சதவீதம் கூடும். நெக்ஸான், பிரெஸ்ஸா, வென்யூ எல்லாம் முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள். இழுக்கும் சக்கரமே திரும்பவும் வேண்டும் என்றால் அந்தத் துள்ளல் ஆகாது. ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ஷெப்பா 1926இல் இதற்கு ஒரு வழி கண்டார். கிண்ணம் போன்ற உறைக்குள் ஆறு எஃகுக் குண்டுகள். வளைவு எவ்வளவு இருந்தாலும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே குண்டுகளை நிறுத்தி வைக்கும் ஒரு கூண்டு. அதனால் இரு முனைகளும் ஒரே வேகத்தில் சுழலும். 1959இல் வந்த மினி காரின் வழியே இந்த மூட்டு உலகெங்கும் பரவியது. நம் ஊரில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முன்சக்கர இழுவையைச் சாதாரணக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தது.

மெக்கானிக் லோயர் ஆர்மைப் பிரித்து, கியர் ஆயிலை வடித்து, அந்த மூட்டு இருக்கும் சக்கர ஷாஃப்ட்டை வெளியே எடுத்தார். ஷாஃப்ட்டைத் தொங்கவிடாமல் உதவியாளப் பையன் கீழே கை கொடுத்துத் தாங்கினான்; தொங்கினால் கியர்பாக்ஸ் பக்கத்து உள்மூட்டு கழன்றுவிடும். வைஸில் மாட்டியதும் காரணம் தெரிந்தது. சக்கரப் பக்கத்து வெளிமூட்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட்டின் கழுத்தில், வைக்கோல் கட்டும் இயந்திரம் சுற்றும் கயிறு இறுகச் சிக்கியிருந்தது. களத்துப் பாதையில் கிடந்த துண்டு, சுழலும் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டு, ஓட ஓட ரப்பரை அறுத்திருக்கிறது. பிளவின் வழியே கிரீஸ் சிதறி ரிம்மின் உட்புறம் கறுப்பாக அப்பியிருந்தது. கிரீஸ் வெளியேறிய வழியிலேயே டெல்டாவின் சேறும் மணலும் உள்ளே போயிருந்தன.

அவர் மிச்சமிருந்த கிரீஸைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, என் விரலிலும் தடவினார். நறநறத்தது. கூண்டும் உள்வளையமும் எப்படி இருந்தன என்று பெயின்ட்டால் அடையாளம் வைத்துவிட்டு, கூண்டைச் சாய்த்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். துடைத்த பள்ளங்களில் நகம் இடறும் அளவுக்குச் சொத்தை. “இது போச்சு. வெளிமூட்டு புதுசு போடணும்.”

வலதுபுறத்தையும் கழற்றச் சொன்னது அவர்தான். அங்கே பூட்டில் விரிசல் மட்டும். கிரீஸ் மழமழவென்று இருந்தது. முழு ஷாஃப்ட்டையே மாற்றிவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அது உடன்பாடில்லை. பள்ளங்கள் கெடாத மூட்டைக் கழுவி, துடைத்து, புதுப் பூட்டும் புதுக் கிளிப்பும் போட்டால் மறுபடி நெடுங்காலம் உழைக்கும். அந்தப் பொறுமைதான் இத்தொழிலின் மரியாதை. அவர் பூட்டோடு வந்த மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் பையை முழுதாகப் பிழிந்தார். டிராக்டருக்கு அடிக்கும் சாதாரண கிரீஸை அவர் இந்த மேசைக்கே கொண்டுவரவில்லை. கிளிப்பை இறுக்குவதற்கு முன் பூட்டின் ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தூக்கிக் காற்றை வெளியேற்றினார். ஹப் நட் புதியது. டார்க் ரெஞ்சில் அளவு வைத்து முறுக்கினார்.

உள்மூட்டு வேறு வகை. மூன்று உருளைகள் முன்னும் பின்னும் வழுக்கி, சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டின் நீளத்தைச் சரிக்கட்டும். அது தேய்ந்தால் கடகட சத்தம் வராது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி உதறும்.

“அப்ப நான் என்னதாண்ணே பார்க்கணும்?” என்று இளைஞர் மறுபடி கேட்டார். மெக்கானிக் சக்கரத்தை மாட்டி, ஸ்டியரிங்கை ஒருபக்கமாக முழுக்கத் திருப்பிவிட்டு அவரைக் குனிய வைத்தார். மடிப்புகள் விரிந்து தெரிந்தன. “இப்படித் திருப்பிவச்சு டார்ச் அடிச்சுப் பாரு. வெடிப்பு இருக்கா, ரிம்முக்குள்ள கிரீஸ் தெளிச்சிருக்கா, கயிறு சிக்கியிருக்கா. அறுப்பு நடக்கிறப்போ வாரம் ஒருதரம். உள்பக்கத்துப் பூட்டுக்கு வண்டியைத் தூக்கணும், சர்வீஸுக்கு விடுறப்போ கேட்டுப் பாரு. பூட் கிழிஞ்ச அன்னிக்கே வந்தா பூட் காசோட போயிடும். சத்தம் கேட்டு வந்தா இந்தக் காசு.”

இளைஞர் எண்ணிக் கொடுத்துவிட்டு, “எங்க மாமா வண்டியும் நம்ம களத்துலதான் கெடக்கு, நாளைக்கு ஓட்டிக்கிட்டு வரச் சொல்றேன்” என்றார்.