முப்பது ரூபாய்க்குள் ஒரு புத்தகம்

பள்ளியில் புத்தகக் கண்காட்சி என்றால் பெரும்பாலும் நவம்பர் 14-ஐ ஒட்டித்தான் நாள் குறிக்கிறார்கள். குழந்தைகள் தினம், பொருத்தமான நாள்தான். ஆனால் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, திருச்சுழி, நரிக்குடி பக்கம் அது அடைமழைக் காலம். விதைப்பு முடிந்து களையெடுப்பு நடந்துகொண்டிருக்கும். வீட்டிலிருந்த காசெல்லாம் விதையாகவும் உரமாகவும் கரிசலுக்குள் போயிருக்கும். மல்லியும் குதிரைவாலியும் பருத்தியும் வீடு வந்து, கையில் நாலு காசு புழங்குவது தைக்குப் பிறகுதான்.

“நவம்பர்ல கடை போட்டா பிள்ளைக வேடிக்கை பாத்துட்டுப் போகும். தை கழிஞ்சு போட்டா வாங்கிட்டுப் போகும்” என்று எனக்குச் சொன்னவர் அருப்புக்கோட்டைப் புத்தக வியாபாரி ஒருவர். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். 1990களில் எழுத்தறிவு புகட்ட அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போனபோது புத்தகப் பை தூக்கிக்கொண்டு கூடவே போனவர். அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழைப் பள்ளி வாசல்களில் விற்றுத் தொழில் பழகியவர். இன்றைக்கும் ஒரு லோடு ஆட்டோவில் அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்கிறார்கள். திருச்சுழி ஒன்றியத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்கு அவர் கடை போடப் போன ஒரு பிப்ரவரி நாளில் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்களின் பிள்ளைகளும், மில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் படிக்கிற பள்ளி அது. கிழமையும் அண்ணாச்சி யோசித்துக் குறித்ததே. மில்லில் வாரக்கூலி சனிக்கிழமை கிடைக்கும். திங்கட்கிழமை பிள்ளை கேட்டால் பத்து ரூபாய் இல்லையென்று சொல்ல அம்மாவுக்கு மனசு வராது. வெள்ளிக்கிழமை ஒருநாளும் கடை போடுவதில்லை என்றார்.

கடை விரிக்கிற வேலையைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பறை பெஞ்சுகளைத் தலைமையாசிரியை சுவரோரம் வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். அண்ணாச்சி அதில் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தார்ப்பாயை விரித்தார். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெஞ்சு உயரம். தரையில் வைத்தால்தான் அட்டை கண்ணில் படும். எந்தப் புத்தகத்தையும் முதுகு காட்டி அடுக்கவில்லை, எல்லாம் முகம் பார்க்க. அதனால் இடம் பிடிக்கும், தலைப்புகள் குறையும். பரவாயில்லை, முதுகைப் பார்த்து வாங்குகிற வயசா இது என்றார். 16 பக்க, 24 பக்க மெல்லிய புத்தகங்களுக்குத் தூணுக்குத் தூண் கொடி கட்டித் துணிக் கிளிப் மாட்டினார். கரிசல் புழுதி காற்றில் வந்துகொண்டே இருக்கும் என்பதால் கையில் எப்போதும் ஒரு பழைய வேட்டித் துண்டு. துடைப்பதும் பெயர்த்து வைப்பதுமாக அவர் உட்காரவே இல்லை.

அடுக்கும் முறை தலைப்பு வாரியாகவோ பதிப்பகம் வாரியாகவோ இல்லை. விலை வாரியாக. முதலில் 10 ரூபாய், அடுத்து 20, பிறகு 30. பாரதி புத்தகாலயத்தின் குழந்தை நூல்கள், நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள், என்.சி.பி.எச். சிறு நூல்கள் எல்லாம் கலந்துதான் கிடந்தன. 100 ரூபாய்க்கு மேற்பட்டவை பின்வரிசையில், ஆசிரியர்களுக்கு. அந்த வரிசையில் எஸ். ராமகிருஷ்ணன் நூல்களை மட்டும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து வைத்தார். அந்த எழுத்தாளரின் ஊரான மல்லாங்கிணறு இங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். பக்கத்து ஊர்க்காரர் சாகித்ய அகாடமி விருது வாங்கியிருக்கிறார் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல அது ஒரு சாக்கு.

மணி அடித்ததும் கூட்டம் வந்துவிட்டது. ஒரு பையன் கொடியிலிருந்து ஒரு கதையை எடுத்து, நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்துவிட்டு, கவனமாக அதே கிளிப்பில் திரும்ப மாட்டினான். அடுத்ததை எடுத்தான். ஆசிரியர் ஒருவர் அதட்டப் போனார். அண்ணாச்சி கையமர்த்தினார். “இருக்கட்டும் சார். நின்னு படிக்கிறவனை விரட்டக் கூடாது. அவன்தான் போய் நாலு பேருக்குக் கதை சொல்லுவான்.” மதியத்துக்குள் அந்தக் கதையில் ஆறேழு பிரதி போனதை நான் பார்த்தேன்.

அரசுப் பள்ளிகளில் நூலகம் இருக்கிறதே, கண்காட்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்ன நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது. மிக நல்ல வேலை. ஆனால் நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொந்தக் காசில் வாங்கியது வீட்டுக்குப் போகும். முதல் பக்கத்தில் பெயர் எழுதப்படும். தம்பி, தங்கை கைக்கு மாறும். பாடப்புத்தகம் தவிர வேறு அச்சுத்தாள் என்றால் காலண்டர் மட்டுமே இருக்கிற வீட்டில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. மாவட்டத் தலைநகரான விருதுநகரில் நடக்கும் பெரிய புத்தகத் திருவிழாவுக்கு நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளை பஸ் மாறிப் போக வேண்டும். வேன் பிடித்துக் கூட்டிப்போனாலும் கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதிலேயே நேரம் போய்விடும். சென்னைப் புத்தகக் காட்சியே 1977இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளியில்தான் தொடங்கியது. பள்ளிக்குப் புத்தகம் வருவதுதான் முறை.

இனி காசு விஷயம். கண்காட்சி நடத்துகிறவர்கள் யோசிக்காமல் விடுவது இதைத்தான். பதிப்பகம் சிறு வியாபாரிக்குக் கொடுக்கும் கழிவு 30, 35 சதவீதம். ஒரு பள்ளியில் 8,000 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். 35 என்றால் அவருக்கு 2,800. பிள்ளைகளுக்கு 10 சதவீதம் தள்ளுபடி என்று 800 போகும். மிச்சம் 2,000. வண்டி வாடகை, கூட வரும் பையனின் கூலி, பார்சல் செலவு, கசங்கிப்போய்ப் பதிப்பகம் திரும்ப எடுக்காத பிரதிகள் எல்லாம் இதற்குள்தான். இதற்கு மேல் ‘பள்ளி வளர்ச்சிக்கு’ என்று 15 சதவீதம் கேட்டால் 1,200 போய்விடும். மீதி 800 வண்டிக்கே காணாது.

அப்போது வியாபாரி என்ன செய்வார்? 60, 70 சதவீதம் கழிவு கிடைக்கும் சரக்கைத் தேடுவார். பதிப்பாளர் முகவரியே இல்லாத பொது அறிவு வினா-விடை, பக்கத்துக்குப் பத்துப் பிழையோடு நீதிக்கதைகள், 120 என்று விலை அச்சிட்டு ‘பாதி விலை’க்குத் தள்ளிவிடும் வண்ணப் புத்தகம். இப்படியொரு கடையை வேறோர் ஊர்ப் பள்ளியில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஆசையாகத்தான் வாங்கினார்கள், மனசு ஆறவில்லை. மேசைமேல் எந்தப் புத்தகம் வரும் என்பதைப் பள்ளி கேட்கிற பங்குதான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 1981 முதல் பள்ளிக் கண்காட்சி நடத்தும் ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் விற்பனையில் ஒரு பங்கைப் பள்ளிக்குத் தருகிறது. ஆனால் அது தானே பதிப்பித்துத் தானே விற்கும் பெரிய நிறுவனம். லோடு ஆட்டோ வியாபாரியிடம் அந்த வழக்கத்தைக் கொண்டுவரக் கூடாது.

இந்தப் பள்ளியின் தலைமையாசிரியை ஒரு பைசா கேட்கவில்லை. பதிலாக மூன்று வாரம் முன்பே அண்ணாச்சியிடம் விலையோடு பட்டியல் வாங்கிப் பார்த்து, வேண்டாதவற்றை அடித்திருந்தார். பேனா, பொம்மை, ஸ்டிக்கர் எதுவும் வரக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். அவை வந்தால் காசு அங்கேதான் போகும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் பில்லில் வரி ஏறியிருக்கிறதா என்றும் பார்த்தார். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது டோக்கன். பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊரில் கடை வைத்திருக்கும் பழைய மாணவர்களும் கொடுத்த பணத்தில், பள்ளியின் அத்தனை பிள்ளைகளுக்கும் 20 ரூபாய் டோக்கன், எல்லாம் ஒரே நிறம். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் அது எல்லார் கண்ணிலும் பட்டுவிடும். வீட்டிலிருந்து காசு கொண்டுவந்தவர்கள் அதோடு சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி டோக்கனோடு ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றையும் நீட்டினாள். அவள் பிடித்திருந்தது 30 ரூபாய்ப் புத்தகம், யானைப் படம் போட்டது. அண்ணாச்சி வாங்கிப் பின்னட்டையைப் பார்த்தார். “தள்ளுபடி போக 27 தாயி. ரெண்டு ரூவா குறையுதே.” அவள் புத்தகத்தை விடவில்லை. பக்கத்தில் நின்றவளின் சட்டைப்பையில் இரண்டு ரூபாய் இருந்தது. அண்ணாச்சி விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று பிறகு கேட்டேன். “நான் விட்டுக்கொடுத்தா அது ஓசி சார். இப்ப அது ரெண்டு பிள்ளைகளோட புத்தகம்” என்றார்.

நாலு மணிக்குப் பெட்டி கட்டும்போது ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து உட்கார்ந்தார். விற்ற கணக்கு ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தில் பிள்ளைகள் கேட்டு இல்லாமல்போனவை: பேய்க்கதை, கபடி, ராக்கெட் செய்வது எப்படி, பாம்புகள். பாம்புக்கு நேரே நாலைந்து கோடு. பருத்திக் காட்டில் அம்மாவோடு நிற்கிற பிள்ளைகள் பாம்பைப் பற்றிக் கேட்பது நியாயம்தான். கட்டுவிரியன் படத்தோடு முப்பது ரூபாய்க்குள் தமிழில் ஏதாவது இருக்கிறதா என்று சென்னைக்குப் போன் போட்டார். 150 ரூபாயில் இருக்கிறதாம். “அது வேண்டாம் சார், பிள்ளைகளுக்குக் கட்டாது. சின்னதா ஒண்ணு போடுங்க, நூறு பிரதி நான் எடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குக் கயிறு தேடினார்.