கிரவல் றோட்டு தேடிப் போன கதை

எங்கட ஊரில் கிரவல் றோட்டு என்றால் அது ஒரு முறைப்பாடு. மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி. தேர்தல் வந்தால் "காப்பெற் போட்டுத் தாறம்" என்பார்கள். அதனால்தான், பிரான்ஸில் சனம் ஆயிரக்கணக்கான யூரோ குடுத்து ஒரு சைக்கிள் வாங்கி, வரைபடத்தில் கிரவல் றோட்டைத் தேடித் தேடிப் போய் ஓடுது என்று மச்சாள் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

நாங்கள் என்றால் நானும் தங்கச்சியும். போன வருசம் கம்பஸ் விடுமுறைக்கு மாமா அழைப்புக் கடிதம் அனுப்பி, விசாவும் கிடைத்து, ஓகஸ்டில் பாரிஸ் போனோம். மாமா அம்மாவின் அண்ணா. 98இல் போனவர். அன்றிலிருந்து ரெஸ்ரோறண்ட் குசினிதான். ஓகஸ்டில் முதலாளி கடையைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போவாராம். அந்த இரண்டு கிழமையும் மாமா நித்திரை கொள்ளுவார், இல்லாட்டி வேறெங்காவது வேலை செய்வார். பிரான்ஸில் இத்தனை வருசம் இருந்தும் அவருக்குத் தெரிந்தது வீடு, வேலை, லா சப்பல் கடைத்தெரு. மச்சாள்தான் கத்தினாள்: "அப்பா, இவையள் வந்திருக்கினம். இந்த முறையாவது வெளிய போவம்."

அவள் போட்ட திட்டம் பிரித்தானியில் ஒரு வாய்க்கால் ஓரப் பாதை. நாந்த் நகரத்தில் இருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரைக்கும் 360 கிலோமீற்றருக்கு மேல் ஓடுற வாய்க்கால் அது. கரையில் ஒரு மண் பாதை. மோட்டார் வாகனத்துக்கு அனுமதி இல்லை. முழுக்க ஓட எங்களுக்குக் காலும் இல்லை, காசும் இல்லை. ரெடோன் என்ற ஊரில் இருந்து மாலெஸ்த்ருவா வழியாக ஜோஸ்லன் வரை போய், வேறு பாதையால் திரும்புவது என்று முடிவானது. மொத்தம் மூன்று நாள்.

"நீங்கள் போங்கோ. நான் சைக்கிள் ஓடி முப்பது வருசமாகுது" என்றார் மாமா. பிறகு என்ன நினைத்தாரோ, வெளிக்கிட்டார்.

ரெடோனில் நாலு சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். கிரவல் சைக்கிள் என்பது பார்க்க ரேசிங் சைக்கிள் மாதிரித்தான், ஹாண்டில் கீழே வளைந்திருக்கும். ஆனால் ரயர் 40 மில்லிமீற்றர் அளவுக்கு அகலம். காத்தையும் கல்லு மாதிரி இறுக்கி அடிக்கிறதில்லை. கொஞ்சம் மெதுவாக விட்டால்தான் சின்னக் கல்லில் சறுக்காமல் பிடிச்சுக்கொண்டு போகும். மாமா தனக்குச் சாதாரண சைக்கிள் போதும் என்று கரியர் பூட்டின ஒன்றை எடுத்தார். எங்கட உடுப்பு பாக் எல்லாம் அதில்தான் ஏறினது.

பாதையைப் பற்றி என்ன சொல்ல? ஒரு பக்கம் தண்ணி, மற்றப் பக்கம் மரம். இறுக்கின மணலில் ரயர் உரசுற சத்தம் மட்டும் கேக்கும். கொஞ்சத் தூரத்துக்கு ஒரு மதகு, படகை ஏத்தி இறக்குகிற இரட்டைக் கதவோடு. பக்கத்தில் மதகுக்காரர் இருக்கிறதுக்குக் கட்டின சின்ன வீடு, சன்னலில் பூச்சாடி. மதகு வருகிற இடத்தில் மட்டும் பாதை ஒரு சின்ன ஏத்தம் ஏறும், மற்றப்படி தட்டை. முந்தி இந்தப் பாதையில் குதிரையும் மனுசரும் கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள். பிரெஞ்சில் இதன் பெயரே இழுக்கிற பாதை என்றுதான் வருமாம்.

முதல் நாள் ஒரு பத்துக் கிலோமீற்றர் போயிருப்போம். மாமா அடிக்கடி திரும்பிப் பார்க்கிறார். பிறகு மேலே பார்க்கிறார். மரக்கொப்புக்கு நடுவில் தெரிகிற வானத்தை. சைக்கிள் பழக்கமில்லை, கழுத்து நோகுதாக்கும் என்று நினைத்தோம். ஒரு மதகடியில் தண்ணி குடிக்க நிற்பாட்டினபோது தங்கச்சி கேட்டாள்.

"றோட்டில ஒருத்தரும் இல்லையெண்டால் எனக்குப் பயமா இருக்கு பிள்ளை" என்றார்.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் பிறகு ஓடிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம். றோட்டு முழுக்கச் சைக்கிள்தான். விறகு, மண்ணெண்ணெய், நோயாளி, பொம்பிளை மாப்பிளை எல்லாம் சைக்கிளில். இரவில் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டதும் அதே சைக்கிளில்தான். ஆனால் றோட்டு திடீரென்று வெறிச்சோடினால் ஒரு அர்த்தம் இருந்தது: ஆரோ எதையோ கேள்விப்பட்டுவிட்டார்கள், இனி மேலேதான் பார்க்கவேணும்.

95 ஒக்டோபர் 30. அந்த இரவு றோட்டு வெறிச்சோடவில்லை, மாறி நடந்தது. வலிகாமமே செம்மணி, நாவற்குழிப் பக்கம் நடந்தது. மாமாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மம்மாவைக் கரியரில் இருத்தி, ஹாண்டிலில் பானை சட்டியைக் கொழுவி, மழைக்குள் உருட்டிக்கொண்டே போனார். ஓடவில்லை, ஓட இடமில்லை. அம்மா பக்கத்தில் நடந்தவ. பிறகு கொடிகாமத்தில் அந்தச் சைக்கிளை வித்து அரிசி வாங்கினார்கள். அதுதான் மாமா கடைசியாகப் பிடித்த சைக்கிள்.

இதையெல்லாம் நாங்கள் வீட்டில் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறோம். சைக்கிள் ஓடிக்கொண்டு கேட்டது இதுதான் முதல்தரம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கத் தேவையில்லாததால் சில கதைகள் லேசாக வரும் போல.

அன்றிரவு மாலெஸ்த்ருவாவில் தங்கினோம். சாப்பிடப் போன இடத்தில் கலெத் தந்தார்கள், கறுப்புக் கோதுமை மாவில் சுடுகிறது. மாமா தொழில்காரர் ஆச்சே, கரையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தோசைதான். புளிக்க வைக்க மறந்திட்டினம்."

இந்த வாய்க்காலை ஏன் வெட்டினார்கள் என்று மச்சாள் வாசித்துச் சொன்னதும் அந்த மேசையில்தான். நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயக் கப்பல்கள் பிரெஞ்சுக் கரையை மறித்து நின்றன. பிரெஸ்ட் கடற்படைத் துறைமுகத்துக்குக் கடலால் சாமான் கொண்டுபோக ஏலாது. அதனால் உள்நாட்டுக்குள்ளால் ஒரு தண்ணிப்பாதை. ஆனால் வாய்க்கால் முழுக்கத் திறந்தது 1842இல். அதற்கிடையில் சண்டையும் முடிந்து, நெப்போலியனும் செத்துப்போனார். குளோமெல் என்ற இடத்தில் மலைமேட்டை வெட்டித் தாழ்த்தினது தண்டனைக் கைதிகள். பிறகு ரெயின் வந்து படகுகளின் வேலையைப் பறித்தது. 1930இல் கெர்லெடான் அணைக்கட்டு வாய்க்காலின் நடுப்பகுதியை மூழ்கடித்து இரண்டாகத் துண்டித்தது. இப்போது சாமான் படகு இல்லை. உல்லாசப் படகும் மீன் பிடிக்கிறவர்களும் எங்களை மாதிரி ஆக்களும்தான்.

"அப்ப இதுவும் தடையால வந்த பாதைதான்" என்றார் மாமா. அதற்குமேல் அவர் கதைக்கவில்லை. எங்களுக்கு அந்த வசனம் மூன்று நாளும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் ஜோஸ்லன். ஏறக்குறைய 25 கிலோமீற்றர்தான், மத்தியானத்துக்கே போய்விட்டோம். ஆற்றங்கரைப் பாறையில் மூன்று வட்டக் கோபுரத்தோடு ஒரு கோட்டை நிற்கிறது, தண்ணிக்குள்ளும் இன்னொரு கோட்டை தலைகீழாக. ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் வழியில் கிராமத்துக் கடையெல்லாம் பூட்டு. போகிறவர்கள் சனிக்கிழமையே பாணும் சீஸும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் மாலெஸ்த்ருவாவுக்குத் திரும்பி, அங்கிருந்து பழைய ரெயில் பாதையால் கெஸ்தம்பேர் போனோம். பிரான்ஸில் இப்படிக் கைவிட்ட ரெயில் பாதைகள் கனக்க. தண்டவாளத்தைக் கழற்றி, நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் விட்டிருக்கிறார்கள். 'வுவா வேர்த்', பச்சைப் பாதை என்று பெயர். பேகண்டியில் ஜிவ்ரிக்கும் குளூனிக்கும் இடையில் 1997இல் திறந்த 44 கிலோமீற்றர்தான் முன்னோடி. 2004இல் வீதிச் சட்டத்திலேயே இப்படிப் பாதைகளுக்கென்று ஒரு வகை சேர்த்தார்கள். ரெயினுக்காகப் போட்ட பாதை என்பதால் செங்குத்தான ஏத்தமே வராது. கவனிக்கவேண்டியது குறுக்கே றோட்டு வெட்டுகிற சந்திகள் மட்டும்தான்.

எங்கட வடபகுதி ரெயில் பாதையும் 90இல் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பங்கருக்குப் போயின. யாழ்ப்பாணத்துக்கு ரெயின் திரும்பி வர 2014 ஆனது.

இங்கதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. வாகனம் இல்லாத றோட்டு எங்கட ஆக்களுக்குப் புதிதில்லை. அம்மாவும் மாமாவும் அதில்தான் வளர்ந்தார்கள். ஆனால் அது வேறு ஆரோ பெற்றோலை மறித்ததால் வந்த வெறுமை. இங்கே பெற்றோலும் இருக்குது, காரும் இருக்குது, ஆனாலும் இந்தத் துண்டு நிலத்துக்குள் கார் வரக்கூடாது என்று சனமும் அரசும் இருந்து யோசித்து எடுத்த முடிவு. பார்வைக்கு இரண்டும் ஒரே வெறும் றோட்டுத்தான். ஒன்றில் பயம் வரும், மற்றதில் நிம்மதி வரும். மாமா மூன்று நாளில் ஒன்றில் இருந்து மற்றதுக்கு வந்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அது பொய். கடைசி நாளும் இரண்டு தரம் மேலே பார்த்தார். முதல் நாள் எண்ணவே முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்பஸுக்குச் சைக்கிளில் போகிற எங்களைத் தனியார் பஸ் கான் ஓரத்துக்குத் தள்ளும்போதெல்லாம் இப்போது அந்தப் பாதை ஞாபகம் வரும். சைக்கிள் எங்கட அடையாளம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம், அதற்கென்று ஒரு முழ றோட்டுக்கூட ஒதுக்கவில்லை.

கெஸ்தம்பேர் ஸ்ரேசனில் ரெடோன் ரெயினுக்குக் காத்திருந்தபோது அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தோம். புழுதி படிந்த நாலு சைக்கிளையும் காட்டினோம்.

"அண்ணாவும் ஓடினவரோ?"

"ஓம் அம்மா. மூன்று நாளும்."

அம்மா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தோம். பிறகு கேட்டா:

"கரியரில ஆரும் இருந்தவையோ?"

மாமா போனை வாங்கினார்.

"ஒருத்தரும் இல்லையடி. இவையளின்ர உடுப்பு பாக்தான்."